இறங்க அனுமதி கேட்ட குரல்

எல்லை மலைகளைத் தாண்டிப் பறந்துபோன விமானி ஒருவர், தன் குரலை அந்தப் பக்கமே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தார். சொந்த விமானம் பத்திரமாக வந்தது, மனைவிக்கு வாங்கிய சால்வைகூட வந்தது, குரல் மட்டும் வரவில்லை. உள்நாட்டுக்குள் பறக்கும்வரை ரேடியோ லைசென்ஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எல்லை தாண்டினால் இரண்டு வேண்டும்: விமானத்து ரேடியோவுக்கு ஒன்று, அதில் பேசுகிற ஆளுக்கு ஒன்று. மனுஷர் முதலாவதை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு விமானத்துக்குள் மாட்டிவிட்டு, அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார். ரேடியோ கௌரவமாகப் போய்த் திரும்பியது. குரலை நிறுத்திவைத்துக்கொண்டார்கள்.

அவர் திரும்பி வந்து இறங்கிய இடத்தை விமான நிலையம் என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். புல் ஓடுபாதை, தகரக் கூரை அறை, அதில் ஒரு ரேடியோ, கால் ஆடும் ஒரு நாற்காலி. வருகிற விமானங்களுக்கு அங்கிருந்து பதில் சொல்வது விமானியின் மனைவிக்கு வேலை. மறுநாள் சாயங்காலம் ரேடியோ கரகரத்தது. "இறங்கலாமா? பெட்ரோல் முக்கால் டாங்க் இருக்கு" என்றது அவள் புருஷனின் குரல். புருஷனோ டீ டம்ளரோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பதில் சொல்ல வாயெடுத்தவளின் கையை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார். அவளுடைய லைசென்ஸ் இந்தப் பக்கத்து வானத்துக்கு மட்டும்தான்.

குரல் தினமும் கேட்டது. அரை டாங்க் என்று அது சொன்ன வருஷம் விமானி மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார். கால் டாங்க் ஆனபோது சட்டைப் பித்தானை அவள்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. டாங்க் காலியானால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அவள் லைசென்ஸ் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். பரீட்சை அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் விதி விதிதான்.

"அவர் மைக்ல பேசிக் காட்டணும்மா."

"குரலே இல்லாம எப்படிங்க பேசுவார்?"

"அப்போ குரலைப் பேசச் சொல்லுங்க."

ஒருநாள் அதிகாரியைக் கையோடு தகரக் கூரைக்கு அழைத்து வந்துவிட்டாள். அன்றைக்குக் குரல் திக்கித் திணறியது. "டாங்க்ல சொட்டு சொட்டாத்தான் இருக்கு. யாராவது இருக்கீங்களா?" அதிகாரி மைக்கைத் தொடவில்லை. "அந்தப் பக்கம் பேச எனக்கும் லைசென்ஸ் கிடையாது, உங்களுக்கும் கிடையாது" என்றார். நாற்காலியில் சாய்ந்திருந்த விமானி வேண்டாம் என்று தலையாட்டினார். அவளுக்குப் புருஷன்மேல் கோபம் கோபமாக வந்தது. மைக்கை வெடுக்கென்று எடுத்தாள்.

"என்னங்க, நான்தான். கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அதிகாரி காகிதத்தில் எழுதிக் காட்டிய கேள்விகளை அவள் வாசித்தாள். குரல் ஒன்றையும் தப்பவிடவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார். "இறங்குங்க" என்றாள் அவள்.

விமானம் எதுவும் கண்ணில் படவில்லை. ஓடுபாதையில் புல் மட்டும் மூன்று கோடுகளாக மடிந்துகொண்டே வந்து, அறை வாசலில் நின்றது. விமானி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டீ ஆறிப்போச்சு" என்றார்.

சிரித்துவிட்டு வேறு டீ போடுகிறேன் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் ரேடியோவில் அவள் குரல் கேட்டது. "என்னங்க, இறங்கலாமா? டாங்க் முழுசா இருக்கு." விமானி இப்போது லைசென்ஸ் உள்ளவர், அதனால் தாராளமாகப் பதில் சொன்னார். அவள் பரீட்சைக்குக் கையெழுத்து இல்லாமல் இறங்கச் சொல்லத்தான் முடியவில்லை. அதிகாரி அந்த மாதமே ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அவர் இடத்துக்கு இன்றுவரை ஆள் போடவில்லை. விமானி தினமும் காலையில் அவளுக்குத் தலை வாரி, ரவிக்கைக் கொக்கிகளை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து மெதுவாகத் தகரக் கூரைக்கு நடத்தி வருகிறார். நேற்று கால் டாங்க் என்றாள்.