குரைக்காத எந்திரம்

தேநீர் இடைவேளை முடிந்து வந்தவள், வழக்கம்போல் திருடனைத் தொட்டிக்குள் இறக்கினாள்.

திருடன் என்பது ஓர் உருக்குத் தண்டு. வேண்டுமென்றே உள்ளே சிறு துளை போட்டு வைத்தது. தொட்டியின் தண்ணீருக்குள் தண்டு உருளும். அதன்மேல் சோதனை எந்திரத்தின் உணர்முனையான புரோப் நகர்ந்தபடி, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பும். துளையோ விரிசலோ இருந்தால் ஒலி அதில் முட்டித் திரும்பும். சிவப்பு விளக்கு எரியும், மணி அலறும். திருடனைப் பார்த்து எந்திரம் குரைத்தால்தான் அது காவலுக்கு லாயக்கு.

எந்திரம் குரைக்கவில்லை. பச்சை எரிந்தது.

திருடனை எடுத்து மறுபடி இறக்கினாள். பச்சை. தண்ணீர் சலசலத்தது. மற்றபடி அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவளுக்குப் பிடித்த அமைதிதான் அது. இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். இப்போது மணி அலறினால் போதும் என்றிருந்தது.

குனிந்து பார்த்தாள். புரோப் ஒரு நூலளவு சாய்ந்திருந்தது.

யார் சாய்த்தது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. புரோப்பின் அடியில் காற்றுக்குமிழி சேர்ந்தால் எந்திரம் காரணமில்லாமல் கத்தும். உடனே விரலைவிட்டு வழித்துவிடுவார்கள். எல்லோரும் செய்வதுதான். வழித்தபின் திருடனை இன்னொரு முறை இறக்கிப் பார்க்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். யாரும் செய்வதில்லை. காலையில் அவளும் வழித்தாள், விரல் பட்டுப் புரோப் சாய்ந்தது, திருடனை இறக்கிப் பார்க்கவில்லை. சாய்வாகப் போன ஒலி எங்கோ சிதறிவிட்டது. எதுவும் திரும்பி வராததால், உள்ளே எதுவும் இல்லை என்று எந்திரம் நம்பிக்கொண்டது. அவளும் நம்பினாள்.

காலையில் தேறிய தண்டுகள் எல்லாம் இன்னும் அடுக்கில்தான் இருந்தன. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றை அவள் கணவன் கொண்டுபோயிருந்தான். பக்கத்துக் கொட்டகையில் கிரேனுக்குச் சங்கிலி மாட்டிக் கைகாட்டுகிறவன் அவன். கொக்கியைத் தாங்கும் பழைய தண்டு தேய்ந்துபோய் கிரேன் நின்றிருந்தது.

"டாக்டரம்மா, ஸ்கேன் எடுத்தாச்சா? புள்ள நல்லாருக்கா?" என்று தண்டுகளைக் காட்டிக் கேட்டுக்கொண்டேதான் காலையில் வந்தான்.

"நல்லாருக்கு. அப்பன் மாதிரி இல்லாம உள்ள கொஞ்சம் சரக்கோட இருக்கு."

சிரித்தபடி கைக்கு எட்டிய தண்டைத் தூக்கினான். கையுறையின் கிரீஸ் அதில் ஐந்து விரலாகப் பதிந்தது.

"ஐயோ, அது இன்னும் சொட்டுது. காஞ்சத எடுத்துக்கிட்டுப் போங்க" என்று அதை வாங்கி வைத்துவிட்டு, வேறொன்றை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அவளே எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது மேற்பார்வையாளரைப் போனில் அழைத்தாள். எதற்கெடுத்தாலும் 'பொறுமை' என்பதால் அவருக்குப் பெயரே பொறுமை.

"பதறாதம்மா. பொறுமையா புரோப்ப சரிபண்ணு. திரும்ப ஓட்டிப் பாரு. அப்புறம் பேசுவோம்."

"சார், என் விரல்தான் சார் தட்டிவிட்டுச்சு. ஒண்ணு கிரேன்ல ஏறிடுச்சு. அவரு கீழ நிக்கிறாரு."

இந்த முறை அவரிடமிருந்து 'பொறுமை' வரவில்லை.

"அங்க யாரும் போன் எடுக்க மாட்டாங்க" என்றார். "ஓடும்மா."

ஓடினாள். கொட்டகை வாசலிலேயே தெரிந்துவிட்டது. லாரி அளவு இரும்பு அச்சு ஒன்று அந்தரத்தில் தொங்கியது. அதன் பக்கத்தில், தோள் உயரத்தில் அதை ஒரு கையால் தொட்டபடி, பசுவை ஓட்டிப்போகிறவன்போல் அவன் நடந்து வந்தான்.

வாசல் தூணில் அவசரச் சிவப்புப் பொத்தான் இருந்தது. கை தானாகப் போனது. தொடுவதற்குள் உறைந்தது. அதை அழுத்தினால் கிரேன் வெடுக்கென்று நிற்கும். பாரம் குலுங்கும். விரிசல் இருக்கும் தண்டுக்கு அந்த ஒரு குலுக்கல் போதும்.

கத்திப் பார்த்தாள். சம்மட்டி எந்திரத்தின் இடியில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மேலே கிரேன் ஓட்டுபவர் அவள் கணவனின் கையைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். அதுதான் அங்கே சட்டம். கணவன் பார்க்க வேண்டும். அவன் திரும்புகிற வழியில் போய் நின்றாள்.

பார்த்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அவள் உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, மெல்ல மெல்லத் தாழ்த்தினாள். வீட்டில் அவன் குரல் உயரும்போதெல்லாம் அவள் காட்டுகிற அதே சைகை. அவன் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடினான். அச்சிலிருந்து கையை எடுத்தான். இரண்டடி பின்னால் நகர்ந்து, மேலே பார்த்து, உள்ளங்கையைக் கவிழ்த்தான்.

பாரம் இறங்கத் தொடங்கியது. பார்க்கிறவளுக்கு உயிர் போகிற அளவு நிதானமாக. தரை அதை வாங்கிக்கொண்டபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

தண்டைக் கழற்றி அவனே தூக்கி வந்தான். அவள் புரோப்பை நிமிர்த்தித் திருடனை இறக்கினாள். மணி அலறியது. பிறகு அவன் கொண்டுவந்த தண்டு. பச்சை. திருடனை மறுபடி இறக்கினாள், அலறியது. தண்டு மறுபடியும் பச்சை.

"பாத்தியா?" என்றான் அவன். "புள்ள கல்லு மாதிரி இருக்கான். நீதான் ஊரக் கூட்டிட்ட."

அவள் அடுக்கிலிருந்த மற்றவற்றை ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். பச்சை, பச்சை. அவன் சுவரில் சாய்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

மணி அலறியது.

தொட்டிக்குள் தண்டு மெதுவாக உருண்டது. தண்ணீரில் கரையாத கிரீஸ் கறை மேலே வந்தது. ஐந்து விரல்.

அவன் அதைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். அவள் மணியை அணைக்கவில்லை.