புகைவாய் திறந்த சனிக்கிழமை

பெட்டியின் எடை இருபத்து மூன்று கிலோ. குழந்தைகள் அதை நெல் நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு ஓடிவந்து சொன்னார்கள். மிட்சுயோ முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்தவர் பெட்டியைத் தொடலாமா என்று அதட்டிவிட்டு, இருபத்து மூன்று தானா, சரியாகப் பார்த்தீர்களா என்றும் கேட்டுக்கொண்டாள்.

பெட்டி அவள் நாத்தனார் சுமியேவுடையது. நகவோகா நகரத்தில் கட்டிக்கொடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை மாலைக் கடைசிப் பஸ்ஸில், முன்னறிவிப்பு இல்லாமல், புருஷன் இல்லாமல், இடுப்பளவு பனியில் அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். வார இறுதிதானே, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றாள். அந்தப் பஸ்ஸுக்குப் பிறகு மலைப்பாதையை மூடிவிட்டார்கள். வீட்டில் பத்துப் பேர்: மாமனார் தொகுஜி, கல்யாணமே செய்துகொள்ளாமல் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அவர் தங்கை இனே, மிட்சுயோவும் புருஷன் கென்சாகுவும், கொழுந்தன் மொரியோவும் அவன் மனைவி நத்சுமியும், இரண்டு தம்பதிக்குமாகச் சேர்த்து நாலு குழந்தைகள். பத்துப் பேருக்கும் ஒரே கேள்விதான். ஒருவரும் கேட்கவில்லை. தானாகச் சொல்லாததைக் கேட்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. கேட்காமலே தெரிந்துகொள்ள என்னென்ன வழி உண்டோ அத்தனையும் வழக்கம்.

முதல் தடயம் குளியலறையில் கிடைத்தது. அந்த வீட்டில் ஒரே தொட்டி வெந்நீரில் எல்லோரும் வரிசையாக இறங்கிக் குளிக்க வேண்டும். விருந்தாளி முதலில், பிறகு மாமனார், ஆண்கள், குழந்தைகள், கடைசியில் மருமகள்கள். கட்டிக்கொடுத்த பெண் வந்தால் அவள் விருந்தாளி. மாமனார் வழக்கம்போல "சுமியே, நீ முதல்ல குளி" என்றார். அவள், நான் அண்ணிகளோடு கடைசியில் குளித்துக்கொள்கிறேன் என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் இனே அத்தை கையிலிருந்த தேநீரைக் குடிக்க மறந்துபோனாள்.

மற்றவர்களுக்கு இது வெறும் ஆர்வம். மிட்சுயோவுக்கு அப்படியில்லை. மாடியில் கிழக்கு மூலையில் ஒரு சின்ன அறை இருக்கிறது. நாலரைப் பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன் அது சுமியேவின் அறை. அப்புறம் ஒன்பது வருடம் காலிச் சாக்குகளும் உடைந்த விசிறியும் அங்கே குடியிருந்தன. போன இலையுதிர் காலத்தில், அறுவடை முடிந்த களைப்பில் மிட்சுயோ சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து தூங்கிப்போனதைப் பார்த்த மாமனார், மறுநாள் எல்லோர் முன்னிலையிலும், அந்த மாடி அறையை மிட்சுயோ எடுத்துக்கொள்ளட்டும் என்றார். கல்யாணமாகி வந்த பதினாறு வருடத்தில் அவளுக்கென்று அந்த வீட்டில் கிடைத்த முதல் இடம். ஒரு மாதம் அதைத் துடைத்தாள். புதுப் பாய் போட்டாள். ஜன்னல் சட்டத்துக்குப் புதுக் காகிதம் ஒட்டினாள். ஒரு தாழ்ந்த மேசையும் ஓர் இருக்கை மெத்தையும் மட்டும் வைத்தாள். அங்கே போய் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டவர்களிடம் தைக்கப்போகிறேன் என்று சொல்லியிருந்தாள். அது பொய். அவளுக்குத் தினம் ஒரு மணி நேரம் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

இருபத்து மூன்று கிலோ இரண்டு நாளைக்கான துணி இல்லை. சுமியே ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டாள் என்றால் அவளை எங்கே படுக்க வைப்பது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இப்படி நினைப்பதே மிட்சுயோவுக்கு வெட்கமாக இருந்தது. பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ என்று ஒரு பக்கம். என் அறை, என் அறை என்று இன்னொரு பக்கம். முள்ளங்கியைத் தேவைக்கு மேல் மெல்லிசாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை மின்சாரம் போயிற்று. டிவி போயிற்று, கால்களைச் சூடாக்கும் மின்கணப்பு மேசையும் குளிர்ந்துபோயிற்று. மண்ணெண்ணெயும் அடிக்கு வந்துவிட்டது. கடைக்குப் போகப் பாதை இல்லை. மாமனார் கூடத்தின் நடுவிலிருந்த பலகைகளைப் பெயர்த்து, நாலு வருடமாக மூடிக் கிடந்த பழைய கணப்புக் குழியில் விறகடுக்கிப் பற்றவைத்தார். பத்தே நிமிடத்தில் கூடம் முழுக்கப் புகை. எல்லோர் கண்ணிலும் தண்ணீர். கணப்புக்கு நேர் மேலே கூரை முகட்டில் புகை போக ஒரு வாய் உண்டு. அதன் மேல் ஐந்தடி பனி உட்கார்ந்திருந்தது.

கூரைப் பனியைத் தள்ள அங்கே யாரும் தனியாக ஏறமாட்டார்கள். ஒருவர் சரிந்து புதைந்தால் இன்னொருவர் தோண்ட வேண்டும். வழக்கமாக அண்ணனும் தம்பியும் ஏறுவார்கள். மொரியோ பூட்ஸில் காலை நுழைக்கும்போதே சுமியே மண்வாரியை எடுத்துக்கொண்டுவிட்டாள். உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு துருப்பிடித்துவிட்டது, பெரியண்ணனோடு நான் போகிறேன் என்றாள். மொரியோ சந்தோஷமாக பூட்ஸைக் கழற்றிவிட்டு நெருப்பருகே உட்கார்ந்தான். பெரியண்ணனிடம் தனியாக ஏதோ சொல்லப்போகிறாள் என்பது மிட்சுயோவுக்குப் புரிந்தது. பதினோரு பேர் ஒரே கூடத்தில் அடைந்து கிடக்கும் வீட்டில் தனியாகப் பேச வேறு இடம் ஏது? இரவு புருஷன் வாயிலிருந்து எப்படியாவது கறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

கறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மேலே புகை வாயை மூடியிருந்த பலகை நகரும் சத்தம் கேட்டது. கைப்பிடியளவு பனி விழுந்து நெருப்பில் சீறியது. புகை சுருண்டு மேலே ஏற, கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து மூச்சு விட்டார்கள். நத்சுமி கம்பி வலையில் மோச்சி என்ற அரிசிமாவுக் கட்டிகளை வாட்ட ஆரம்பித்தாள். அப்போது கென்சாகுவின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இறங்கி வந்தது.

"இப்பவாவது சொல்லு. இங்க யாரும் இல்ல."

வெளியே இருந்த குளிருக்கு, அவர்கள் இரண்டு பேரும் கதகதப்பான புகை வாயை ஒட்டியே நின்றிருக்க வேண்டும். கணப்பு எரிந்த காலத்தில் வளர்ந்தவர்கள். புகை போகும் வழியில் பேச்சு இறங்கும் என்று தெரியாதவர்கள் இல்லை. நாலு வருடத்தில் மறந்துவிட்டார்கள். கீழே ஒன்பது பேரும் அசையவில்லை. மாமனார் நெருப்புக் கிடுக்கியைத் தூக்கியபடியே இருந்தார்.

"நான் திரும்பிப் போகல, அண்ணா."

"மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். அவருக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு. அதைப் பாத்தப்பதான் எனக்கு அழுகையே வந்துச்சு."

மண்வாரி ஒரு தடவை பனியில் இறங்கியது. பிறகு கென்சாகு, சரி, உன் பழைய அறை இருக்கிறது, இங்கேயே இரு என்றான்.  இந்த மனுஷன் ஒரு நொடியாவது யோசித்தானா என்று நினைத்தாள் மிட்சுயோ.

"அது அண்ணி ரூம். நேத்து எட்டிப் பாத்தேன். ஒரு மேசை, ஒரு மெத்தை, வேற ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே வைக்காம அப்படி வச்சிருக்காங்கன்னா, அந்த இடம் அவங்களுக்கு எவ்ளோ வேண்டியிருந்திருக்கும்? திங்கக்கிழமை பஸ் வந்தா கெளம்பிடுவேன். ஒரு நெசவு மில்லுல வேலை இருக்கு, ஹாஸ்டல் தர்றாங்க."

"நான் மிட்சுயோகிட்ட பேசறேன்."

"வேண்டாம். நீ கேட்டா அவங்க சரின்னுதான் சொல்லணும். வேற என்ன சொல்ல முடியும் அவங்களால?"

கூடத்தில் ஒருவரும் மிட்சுயோவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அத்தனை பேரும் அவ்வளவு பாடுபட்டார்கள். மாமனார் நெருப்பைப் பார்த்தார். மொரியோ தன் கட்டைவிரலைப் பார்த்தான். மோச்சியைத் திருப்ப யாருக்கும் தோன்றவில்லை, அது கருகிக்கொண்டிருந்தது. மிட்சுயோவுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. இந்த வீட்டில் பதினாறு வருடத்தில் யாரும் அவளை இவ்வளவு சரியாகப் பார்த்ததில்லை. அதுவும் அவளுடைய இடத்தைப் பறிக்க வந்தவள் என்று அவள் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்த ஒருத்தி. சுமியேவின் வாழ்க்கை இப்படி ஒன்பது பேர் காதில் விழுந்துகொண்டிருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. மூலையில் கிடந்த ஈரத் தேவதாரு இலைக்கொத்தை எடுத்து அப்படியே நெருப்பில் போட்டாள்.

வெள்ளைப் புகை குபுகுபுவென்று மேலே போனது. கூரையில் இரண்டு பேரும் இருமினார்கள். இருமல் முகட்டின் அந்தப் பக்கத்துக்கு நகர்ந்தது. இனே அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிச்சத்தையும் கேட்டிருக்கலாம்" என்று முணுமுணுத்தாள். மாமனார் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு பேரும் கீழே வந்தபோது வீடு கண்ணாடிப் பாத்திரக் கடை போல அடக்கமாக இருந்தது. மேலே ரொம்பக் குளிரா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். நத்சுமி நல்ல மோச்சியாகப் பொறுக்கிக் கொடுத்தாள். நல்லதென்று இருந்ததே இரண்டுதான். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, நத்சுமியின் ஐந்து வயதுக் கடைக்குட்டி சுமியேவின் மடியில் ஏறி உட்காரும் வரை.

"அத்தை, ஹாஸ்டல்னா என்ன?"

நத்சுமி குழந்தையின் வாயில் ஒரு மோச்சியைத் திணித்தாள். சுமியே மெல்லத் தலையைத் தூக்கி, கணப்புக்கு மேலே, வெளிச்சம் தெரிந்த சதுரத்தைப் பார்த்தாள். பிறகு மிட்சுயோவைப் பார்த்தாள். முகம் காது வரை சிவந்துபோயிற்று. "நிறைய பேர் ஒண்ணா இருக்கற வீடு" என்று குழந்தைக்குப் பதில் சொல்லிவிட்டு, கருகிய மோச்சி ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பனி விடாமல் பெய்தது. மிட்சுயோவுக்கு அந்த மரியாதைதான் பெரிய சித்திரவதையாக இருந்தது. மாமனார் ஒரு வார்த்தை உத்தரவு போட்டால் தலையாட்டிவிட்டுப் பின்கட்டில் நின்று கொஞ்சம் அழுதுவிடலாம். அவர் போடவில்லை. இரவு படுக்கையில் கென்சாகு, நாளைக்குப் பனி நின்றுவிடுமாம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். எல்லோரும் முடிவை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். சமையலறையில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெந்த முடிவும் அந்தக் கைக்கு இதுவரை வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பனி ஓய்ந்த பிறகு, அவள் மாடி அறைக்குப் போய் உட்கார்ந்தாள். பகலிலேயே இருட்டாக இருந்தது. கூரையிலிருந்து தள்ளிய பனி மாடி ஜன்னல் உயரத்துக்குக் குவிந்து வெளிச்சத்தை அடைத்திருந்தது. கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறேனா, இல்லை, இது என்னுடையது என்று உட்கார்ந்திருக்கிறேனா? அவளுக்கே தெரியவில்லை. கீழே குழந்தைகள் கத்துவது எங்கோ தூரத்தில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே சரக், சரக் என்று ஒரு சத்தம். எழுந்து சட்டத்தைத் தள்ளினாள். நீலம் பாய்ந்த பனிச் சுவர் நின்றது. அது நடுவில் உதிர்ந்து, மண்வாரியின் முனை உள்ளே வந்தது. பிறகு சோற்றுக் கிண்ணம் அளவு ஓட்டை. ஓட்டையில் சுமியேவின் கண்.

சுமியே திடுக்கிட்டாள். உள்ளே ஆள் இருப்பது தெரியாது என்றாள். நாளைக்குப் போவதற்குள் இந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டுப் போகலாம், காலை வெயில் இங்கேதான் முதலில் வரும், அது அடைபட்டுவிட்டால் அறையால் பிரயோஜனமே இல்லை என்றாள். அந்த அறையின் வெயிலை அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் அதில் கண் விழித்தவள்.

மிட்சுயோ இரண்டு கையாலும் உள்ளேயிருந்து பனியைத் தள்ள ஆரம்பித்தாள். இரண்டு பேரும் தோண்டினார்கள். ஓட்டை பெரிதாகி, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வந்தது. வெளிச்சம் பாயில் விழுந்தது.

"பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் மிட்சுயோ.

"ஏழு பத்து. பாதை திறந்தா."

மூச்சு வாங்க நின்றாள் சுமியே. முகமெல்லாம் பனித்தூள், மூக்கு சிவந்திருந்தது. தான் சரி என்று சொல்வதற்காக இவள் காத்திருக்கவில்லை என்பதை மிட்சுயோ பார்த்தாள். இவள் நிஜமாகவே போய்விடுவாள். அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் வலிக்கவும் செய்தது.

"உள்ள வா. பூட்ஸக் கழட்டிட்டு வா, பாய் புதுசு."

சுமியே ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிப் பனி மேட்டில் வைத்துவிட்டு, காலை உதறி உள்ளே இறங்கினாள். இருந்த ஒரே மெத்தையை மிட்சுயோ அவள் பக்கம் தள்ளினாள். அவள் அதைத் திருப்பித் தள்ளினாள். கடைசியில் மெத்தையில் யாரும் உட்காரவில்லை. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.  இரண்டு நாளாக மிட்சுயோவை அரித்துக்கொண்டிருந்த கேள்விகளில் ஒன்றுகூட இப்போது நாக்குக்கு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் சுமியேவின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. வாயைத் திறந்துகொண்டு, பத்து நாள் தூக்கமில்லாதவள் போலத் தூங்கிவிட்டாள்.

பனி மறுபடி மெலிதாக விழ ஆரம்பித்தது. மிட்சுயோ சத்தமில்லாமல் எழுந்து ஜன்னல் வழியே எட்டி, நனையாமல் இருக்கட்டும் என்று பூட்ஸ் இரண்டையும் எடுத்து உள்ளே கட்டை மேல் வைத்தாள். வந்தவர்களின் செருப்பைத் திருப்பி, கிளம்பும்போது கால் நேராக நுழைகிற மாதிரி, முனை வெளியே பார்க்க வைப்பது மருமகளின் வேலை. வீட்டு ஆட்களுடையதை யாரும் திருப்புவதில்லை, கழற்றியபடி கிடக்கும். கை தன் பழக்கத்தில் பூட்ஸைப் பிடித்துப் பாதி திருப்பிவிட்டது. அங்கேயே நின்றது. ஈர ரப்பர் விரல்களில் சில்லிட்டது. பின்னால் சுமியேவின் மூச்சு ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.