வெள்ளிக்கிழமை அணையும் விளக்கு

மூன்றாவது வெள்ளிக்கிழமையாக ஹனீபாவின் போன் வந்தபோது இக்பால் ஜும்ஆ தொழுகை முடித்துப் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். கோட்டைப்பட்டினத்தில் பாதிக் கடைகளுக்கு இன்டர்நெட் வயர் இழுத்தவன் அவன். ஊரில் எவன் வீட்டில் படம் நின்றாலும் முதல் ஏச்சு அவனுக்குத்தான். காலையிலிருந்து மூன்று மொட்டை மாடி ஏறி இறங்கியாயிற்று. முட்டி கெஞ்சியது.

“கேமரா மறுபடியும் கண்ண மூடிருச்சு இக்பாலு,” என்றார் ஹனீபா. கடற்கரை ஐஸ் பிளாண்டின் முதலாளி. மெயின்ரோட்டு ஆபீசில் உட்கார்ந்தபடியே கேமராப் படத்தில் பிளாண்டைப் பார்த்துக்கொள்பவர். “சரியா ஜும்ஆ நேரம். நாம எல்லாரும் தொழப் போயிருவோம். அங்கிட்டு செவந்தி மட்டும்தான் இருக்கும். ஐஸ் வெளிய போறது தெரியக் கூடாதுன்னு வயரப் புடுங்குது. போய்ப் பாரு. கை வச்சது அதுதான்னு நீ ஒரு வார்த்த சொல்லு, இன்னிக்கே நிப்பாட்டிர்றேன்.”

“வேற காரணம் இருக்கலாம்ணே.”

“காரணம், கதையெல்லாம் எனக்கு வேணாம். கை வச்சுச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு.”

செவந்தி பதினோரு வருஷமாக பிளாண்டின் கேட்டைக் காப்பவள். அவள் மகள் புதுக்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்பு மொத்தமும் இந்தக் கேட்டில்தான் தொங்குகிறது. அட, அவளா திருடுவாள்? ஆனாலும் யார் கண்டது என்று ஒரு நினைப்பு இக்பாலின் மனசோரத்தில் ஓடத்தான் செய்தது. அலுத்துப்போனவனுக்கு யாரைச் சந்தேகப்படவும் கூச்சமில்லை.

பிளாண்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே முந்நூற்றைம்பது மீட்டர். செம்பு வயரில் படம் நூறு மீட்டர் ஓடும், அப்புறம் மூச்சு வாங்கிவிடும். நூறு மீட்டருக்கு ஒரு பெட்டி வைத்து ஒப்பேற்றிப் பார்த்தான். ஐப்பசி இடியில் அவை கருகிப் போயின. மிச்சமிருந்த முனைகளில் உப்புக் காற்று பச்சை பூத்தது. அதற்கப்புறம்தான், நாலு வாரத்துக்கு முன்னால், ஃபைபர் இழுத்தான். முடி கனம் கண்ணாடி இழை, இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்கிற குட்டிப் பெட்டி. ஒரு பெட்டி மின்சாரமாய் வரும் படத்தை வெளிச்சமாக்கி அனுப்பும். மற்றது அந்த வெளிச்சத்தை மறுபடி மின்சாரமாக்கும்.

ஒற்றை இழைக்கா இரட்டை இழைக்கா, கிட்டத்துக்கா தூரத்துக்கா, ஜோடி பிசகாமல் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் வாங்கினான். காற்றுப் படாமல் மூடி போட்ட கூண்டுக்குள் வைப்பதை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, சும்மா ஆணியில் மாட்டினான். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

செவந்தி கேட்டைத் திறந்தாள். கீல் ஒரு சத்தம் போடவில்லை. இந்தக் கடற்கரையில் சத்தம் போடாத கேட்டு அது ஒன்றுதான்.

“வாங்க பாய். சாப்டீங்களா?”

“இன்னும் இல்லக்கா.”

பெட்டியில் செம்புப் பக்கத்து விளக்கு பச்சையாக எரிந்தது. இழைப் பக்கத்து விளக்கு செத்துக் கிடந்தது. போன இரண்டு தடவையும் இப்படித்தான். இரண்டு தடவையும் பெட்டியையும் அதில் செருகிய குட்டி இழைத் துண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு, பழசைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தான். எதனால் போனது என்று பார்க்கவில்லை. பார்க்கத் தெம்பு இல்லை.

இன்றைக்கு இழையை உருவினான். விரலில் வழுவழுவென்று ஏதோ ஒட்டியது. முகர்ந்து பார்த்தான். தேங்காய் எண்ணெய்.

“அக்கா, இதுல எண்ணெய் விட்டீங்களா?”

“ஆமா பாய். பழைய வயர் முனைய உப்புக் காத்து தின்னுருச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? வெள்ளிக்கிழம எல்லாரும் தொழப் போயிருவாங்க, நான் சும்மாதான இருக்கேன். பூட்டு, கீலு, குழா எல்லாத்துக்கும் எண்ணெய் போடறப்ப இதையும் கழட்டி ரெண்டு சொட்டு விட்டு மாட்டிருவேன்.”

இக்பால் கவிழ்த்துப் போட்ட மீன்கூடை மேல் உட்கார்ந்துவிட்டான். கண்ணாடிக்குத் துருவே கிடையாது, வெளிச்சம் போகும் வாயில் எண்ணெய் பட்டால் படமே செத்தது என்று அவளிடம் யார் சொன்னது? சொல்லியிருக்க வேண்டியவன் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தான். அவன் மேலேயே அவனுக்கு எரிச்சல் வந்தது.

“இதுக்கு மட்டும் எண்ணெய் வேணாம்கா. தொடவே தொடாதீங்க. இது துரு புடிக்காது.”

“அப்படியா? சரி பாய்.”

படம் நின்றதே அந்த எண்ணெயால்தான் என்பதை அவன் சொல்லவில்லை. சொன்னால், முதலாளி கேட்ட மாத்திரத்தில் அவள் ஒப்பித்துவிடுவாள். மறைக்கத் தெரியாதவள்.

கடைசியாக இருந்த உபரிப் பெட்டியையும் புது இழையையும் மாட்டினான். இழை விளக்கு எரிந்தது. உடனே போன் அடித்தது.

“படம் வந்திருச்சு,” என்றார் ஹனீபா. “சொல்லு. கை வச்சுச்சா?”

ஜெகதாப்பட்டினத்தில் ஹனீபா புது பிளாண்டு கட்டுகிறார். அங்கே வயர் வேலை முழுக்க இவனுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அது கிடைத்தால் ஒரு வருஷமாவது மொட்டை மாடி ஏற வேண்டாம். இக்பால் முட்டியைத் தடவிக்கொண்டான்.

“யாரும் கை வைக்கலண்ணே. நான்தான் மூடி போட்டு வைக்காம விட்டுட்டேன். உப்புக் காத்துல பொட்டி போயிருச்சு. தப்பு என்னோடது.”

ஹனீபாவின் குரல் ஏறியது.

“மூணு வாரமா ஒரு பொம்பளயத் திருடின்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். ஒன்னால அந்தப் பாவம் எனக்கு. ஜெகதாப்பட்டினத்துக்கு நீ வர வேணாம் இக்பாலு. புதுக்கோட்டைல இருந்து ஆள வரச் சொல்லிக்கிறேன்.”

“சரிண்ணே.”

ஸ்பேனரையும் டெஸ்டரையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். வண்டிக்குப் பக்கத்தில் செவந்தி நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

“மொதலாளி இப்பத்தான் போன் பண்ணாரு. ஒங்க பொட்டிக் கோளாறுக்கு என்னையச் சந்தேகப்பட்டிருக்காரு. ஏன் பாய், ஒரு வேலைய உருப்படியாப் பாக்க மாட்டீங்களா? எம்புள்ள படிப்புல மண்ணள்ளிப் போட்டிருப்பீங்களே!”

“ஆமாக்கா. என் தப்புதான்.”

அவன் ஸ்டாண்டை எடுத்தான். அது கிறீச்சென்று கத்தியது.

“இந்த வண்டியையாச்சும் ஒழுங்கா வச்சிருக்கீங்களா பாருங்க. அசையாம நில்லுங்க,” என்று ஏசிக்கொண்டே செவந்தி குனிந்து, இடுப்பில் செருகியிருந்த எண்ணெய்க் குப்பியைத் திறந்தாள். ஸ்டாண்டுக்கு இரண்டு சொட்டு, செயினுக்கு இரண்டு சொட்டு விட்டாள். அவள் முடிக்கும்வரை இக்பால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.