காய்ந்துபோன டிஎன்ஏ

"இருபது நிமிஷமா? தலைக்குள்ள என்ன களிமண்ணா வச்சிருக்கீங்க?" என்று கத்தியே விட்டேன்.

எங்கள் ஆய்வகத்தில் அந்த உதவியாளருக்கு 'அவசரம்' என்றுதான் பட்டப்பெயர். அன்றைக்கென்று பார்த்து ஆற அமர டீ குடிக்கப் போயிருக்கிறார் மனுஷன். ஐந்து நிமிடம் காய வேண்டிய டிஎன்ஏ, உலர்த்தும் கருவியில் இருபது நிமிடம் கிடந்திருக்கிறது.

ஆற்றில் கிடைத்த உடலிலிருந்து எங்களுக்கு வந்த பற்களில் மிஞ்சியிருந்த ஒரே பல்லிலிருந்து எடுத்தது அது. போனால் இன்னொன்று கிடையாது. காணாமல்போன தன் மகன்தானா என்று தெரிந்துகொள்ள ஓர் அம்மா பதினோரு நாளாக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

டிஎன்ஏ தனியாக நிற்கிற ஆள் இல்லை. முறுக்கிய ஏணி போன்ற அதன் பள்ளங்களில் தண்ணீர் மூலக்கூறுகள் வரிசையாகப் பற்றிக்கொண்டிருக்கும். அதையும் ஒட்ட உறிஞ்சிவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் விட்டாலும் லேசில் கரையாது, சம்பந்தி வீட்டுக் கோபம் மாதிரி.

"இனிமே கெஞ்சத்தான் வேணும்," என்றார் அவசரம். முகம் செத்துப்போயிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, இளஞ்சூட்டில் வைத்தார். குலுக்கினால் இழை அறுந்துவிடும். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெளியே போய் உள்ளதைச் சொன்னேன். "அம்மா, டிஎன்ஏ கரைய மாட்டேன்னு அடம்பிடிக்குது. எங்க தப்புதான்."

"நீங்க கத்தினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. பாவம், அவரைத் திட்டாதீங்க கண்ணு. மெதுவாவே ஆகட்டும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எப்பேர்ப்பட்ட பொறுமை!

மூன்றாம் நாள் காலையில் அளந்து பார்த்தோம். கரைந்திருந்தது! சோதனைக்குப் போதுமான அளவும் இருந்தது. அவசரம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். நான் வெளியே ஓடினேன்.

"அம்மா, கரைஞ்சிடுச்சும்மா! நாளைக்கே தெரிஞ்சிடும்!"

அவர் கையிலிருந்த பையை மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"நாளைக்கேவா?"

"ஆமாம்மா!"

"கரையவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருந்தேன் கண்ணு. தெரியாத வரைக்கும் அவன் எங்கேயோ இருக்கான்ல?"

சிரித்த முகத்தோடு பின்னாலேயே ஓடிவந்த அவசரத்தைக் கைகாட்டி நிறுத்தினேன். அந்த அம்மா சற்று நகர்ந்து, பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தார்.