கையைக் கீழே இறக்கிய பிறகு

கடைசி ஸ்வரம் மறுபடியும் நடுங்கியது.

"நிறுத்துங்க," என்றாள் டீச்சர். பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தரும் அதே அறையில், மாலையில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, இந்தப் பெரியவர்களின் சேர்ந்திசைக் குழுவை அவள் நடத்திவந்தாள். பல் டாக்டர் முதல் பஸ் டிரைவர்வரை அத்தனை பேருக்கும் அவள் டீச்சர்தான். "நேரா நீட்டுங்கன்னா, ஏன் நனைஞ்ச கோழி மாதிரி வெடவெடங்குது?"

"ரோடு சரியில்ல டீச்சர்," என்றார் டிரைவர், பின்வரிசையிலிருந்து.

எல்லோரும் சிரித்தார்கள். அவளால் முடியவில்லை. நாளை மாலை மேடை.

பியானோவில் அவளுடைய நாத்தனார். "அண்ணி, இங்க கொஞ்சம் வாங்க," என்று கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவங்கள ஏன் திட்டறீங்க? உங்க கையப் பாத்துத்தானே பாடறாங்க."

டீச்சர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல்நுனிகள் அதிர்ந்துகொண்டிருந்தன.

"உனக்கு எப்பத்துலேந்து தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சதுலேந்து."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"அவனா? வீட்டுச் சுவரே இடம் மாறினாலும் முட்டிக்கிட்டுத்தான் கண்டுபிடிப்பான்."

காபிக் கோப்பையைப் பிடிக்கும்போதும் கதவைப் பூட்டும்போதும் மாதக்கணக்கில் அவள் மறைத்துவந்த நடுக்கம் அது. என் தோள் ஏறினால் உங்கள் குரல் இறுகும், என்னையே பாருங்கள் என்று பழக்கியவள் அவள்தான். அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவளுடைய ரகசியத்தை, தங்களுக்கே தெரியாமல், ஒன்றாகச் சேர்ந்து உரக்கப் பாடியிருக்கிறார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு விரலின் அசைவு இத்தனை தொண்டைகளுக்குள் போய் உட்கார முடியுமா என்ற மலைப்பும் கூடவே வந்தது.

மேடையை வேறு யாரிடமாவது விட்டுவிட வேண்டுமா? அப்புறம் அவள் யார்?

குழுவின் முன்னால் போய் நின்றாள். "தப்பு உங்க மேல இல்ல. என் கைதான் நடுங்குது."

"வலிக்குதா?" என்று பல் டாக்டர் தன் ஆஸ்பத்திரிக் குரலில் கேட்டாள்.

"வலி இல்ல. பயமாத்தான் இருக்கு."

இரண்டு கைகளையும் கீழே தொங்கவிட்டாள். வேறென்ன செய்வதென்று தெரியாமல், பாடப் போகிறவள்போல வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். அவளோடு அத்தனை பேரும் இழுத்தார்கள். அறையில் இருந்த காற்றையெல்லாம் யாரோ ஒரே பிடியில் அள்ளியதுபோல் இருந்தது. ஒலி பிறக்கும் முன்பே அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு பாட்டு வந்தது. இத்தனை காலமும் அடுத்த அடிக்குக் கையைத் தயார் செய்துகொண்டே இருந்தவள், இப்போதுதான் இவர்களைக் கேட்டாள். கடைசி ஸ்வரம் இழுத்துக் கட்டிய கம்பியாக நின்றது. பக்கத்தில் இருப்பவர் மூச்செடுக்கும்போது நீங்கள் எடுக்காதீர்கள் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒருவர் விட, ஒருவர் தாங்க, அது அறுபடவேயில்லை. வழக்கமாகக் கையால் வெட்டி நிறுத்துவாள். இன்று எப்படி முடிப்பது என்று யோசிக்காமலே தொடங்கிவிட்டிருந்தாள்!

டிரைவரின் புருவம் ஏறியது. எந்த ஸ்டாப்பில் இறங்குவது என்று கேட்டது. நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். முடிக்கலாம்தான். டீச்சருக்கு மனம் வரவில்லை. கண்களெல்லாம் அவள்மேல் இருந்தன. அவள் நிறுத்தும்வரை அவர்களும் நிறுத்தமாட்டார்கள் போலிருந்தது.

மெல்ல உதடுகளை மூடினாள். அத்தனை குரலும் ஒரே இடத்தில் நின்றது.

"நாளைக்கு டீச்சர்?" என்றார் டிரைவர், கோயில் வாசலில் நிற்பவர்போல் மெதுவாக.

"முன்னால நான்தான் நிக்கறேன்," என்றாள்.