அண்ணி கட்டிய லீடர்

ஒரே மாதத்தில் மூன்று மீன் போய்விட்டது. மூன்றுமே படகுக்குப் பக்கத்தில் வந்த பிறகு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். தாழியை உடைத்தது யார் என்று கேட்டால், படகில் எல்லாரும் அண்ணியைத்தான் கை காட்டுவார்கள்.

தூண்டில் போடுகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் வாடகைப் படகு அது. ஓட்டுவது கொழுந்தன். அண்ணிக்கு முடிச்சு போடுகிற வேலை. முடிச்சுதானே, இதிலென்ன என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளவும். தூண்டில் கம்பில் மாட்டியிருக்கும் ரீலில் இருப்பது பின்னல் நூல். எட்டு இழை, தையல் நூல் பருமன், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையையே அதில் தொங்கவிடலாம். ஆனால் பாறையில் உரசினால் நொடியில் அறும், தெளிந்த தண்ணீரில் மீனுக்குப் பளிச்சென்று தெரியும். அதனால் அதன் நுனியில் கண்ணாடி மாதிரி வேறொரு நூலை இரண்டு ஆள் நீளத்துக்கு இணைப்பார்கள். அதுதான் லீடர்.

இந்த இரண்டு நூலும் ஒன்றோடொன்று ஒட்டாத ஜென்மங்கள். சாதா முடிச்சு போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். லீடரை நேராகப் பிடித்து, அதன்மேல் பின்னல் நூலை இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என இருபது சுற்று பின்னி, வாயில் வைத்து ஈரமாக்கி, நூலின் நிறம் கருக்கிற வரைக்கும் இழுக்க வேண்டும். கோந்து இல்லை, கொக்கி இல்லை, வெறும் பிடிமானம்தான். மீன் இழுக்க இழுக்க இன்னும் இறுகும். அதை நினைத்தால் அண்ணிக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

அந்த முடிச்சுதான் மூன்று முறை அவளைக் கைவிட்டது. திரும்பி வந்த பின்னல் நூலின் நுனி சுருள் சுருளாக இருந்தது. அறுந்திருந்தால் பிய்ந்திருக்கும். சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியது என்று அர்த்தம், அதற்குச் சாக்கு சொல்ல முடியாது.

"நாளையிலருந்து வேற ஆளு வர்றான், அண்ணி. நீங்க பழையபடி கரையில டிக்கெட் கவுன்டரைப் பாத்துக்கோங்க" என்றார் கொழுந்தன், அன்று காலை படகை அவிழ்க்கும்போது. மரியாதைக்காரர். மரியாதையாகவே கழுத்தை அறுத்தார்.

ஒன்பது வருஷம் அந்தக் கவுன்டரில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். படகில் ஏறி நாலு மாதம்தான் ஆகிறது. அந்தப் பெட்டிக்குள் திரும்பிப் போவதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

அன்றைக்கு வந்திருந்தது ஒரே ஒருவர், பல் டாக்டரம்மா. எதிராளி வாயைத் திறந்து வைத்திருக்கும்போதே பேசிப் பழகியதால், யாரையும் பதில் சொல்ல விடமாட்டார். காலையிலிருந்து எண்பது பவுண்டு இழுவை தாங்குகிற தடித்த லீடரைப் போட்டுப் பார்த்தும் ஒரு மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை. அடியில் பாறையின் வெடிப்பு வரைக்கும் தெரிகிற தண்ணீர்.

"நாற்பதுக்கு மாத்திடறேன் தம்பி. இந்தத் தெளிவுல எண்பதைப் பாத்தா மீன் சிரிச்சிட்டுப் போயிடும்."

"கீழ பூரா பாறை, அண்ணி. நாற்பது ஒரு உரசலுக்குத் தாங்காது."

"ராட் என் கையில இருக்கு, நாற்பதே கட்டும்மா" என்று டாக்டரம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார்.

அண்ணி பின்னினாள். இருபதாவது சுற்று முடிந்து வாய்க்குக் கொண்டுபோனபோது டாக்டரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரு. உதட்டுல என்ன பளபளன்னு?"

"லிப் பாம். உப்புக் காத்துல உதடு வெடிக்குதுன்னு போன மாசத்துலருந்து..." அண்ணி பாதியில் நிறுத்திவிட்டாள்.

"பல்லுல எதையாவது ஒட்டணும்னா நான் முதல்ல உதட்டைத்தான் துடைப்பேன். மெழுகு பட்ட இடத்துல ஒண்ணும் பிடிக்காதும்மா."

போன மாதம். மூன்று மீன். ஒவ்வொரு முடிச்சையும் தன் வாயாலேயே வழவழப்பாக்கி அனுப்பியிருக்கிறாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம், இவள் இத்தனை நாளாக நூலைத் திட்டிக்கொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கொழுந்தன் காதிலும் விழுந்தது, ஆனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உதட்டைத் துடைத்தாள். கையைச் சோப்பு போட்டுக் கழுவினாள். புது நாற்பதை எடுத்து முதலிலிருந்து பின்னி, பாட்டில் தண்ணீரில் நனைத்து இழுத்தாள். நூல் கருத்து லீடரின் தோலுக்குள் இறங்கியது.

தூண்டில் இறங்கிய மூன்றாவது நிமிஷம் ராட் வளைந்தது. ரீல் கத்திய கத்தலில் டாக்டரம்மாவுக்கே பேச்சு நின்றுபோனது. கொழுந்தன் இன்ஜினைக் கிளப்பி, பாறையை விட்டு ஆழத்துக்கு மீனை இழுத்துப் போகும்படி படகை நகர்த்தினார். ஒரு மணி நேரம். முடிச்சு தண்ணீரை விட்டு எழுந்து, ராடின் வளையங்களைத் தட்டிக்கொண்டு உள்ளே வரும். மீன் ஒரு உதறு உதறும், முடிச்சு மறுபடி கடலுக்குள் போய்விடும். மூன்று முறை அப்படி. ஒவ்வொரு முறையும் அண்ணியின் உயிர் அதோடு போய்விட்டு வந்தது.

அப்புறம் அது மேலே வந்தது.

பாறை மீன். டாக்டரம்மா எடை இருக்கும். பக்கவாட்டில் சாய்ந்தபோது வெயில் முழுவதையும் அதுவே வாங்கிக்கொண்டது போல் வெள்ளியாக மின்னியது, மூச்சு விட்டதும் முதுகு கருத்தது. அண்ணி குனிந்து கையை வைத்தாள். அடியில் ஏதோ துடித்தது, அவள் உள்ளங்கை முழுவதும் துடித்தது. இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் இதெல்லாம் நீந்திக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

"விட்டுடலாம்" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "இதைக் கொண்டுபோய் நான் என்ன செய்யப்போறேன்."

கொழுந்தன் வெட்டுக்குறடை அண்ணியிடம் நீட்டினார். தூண்டில் முள்ளை ஒட்டி நூலை வெட்டினாள். மீன் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே படகோரம் நின்றது. பிறகு வாலால் ஒரே அடி, மூன்று பேரும் தொப்பலாக நனைந்தார்கள்.

கையில் மிச்சமிருந்த லீடரை அப்போதுதான் தடவிப் பார்த்தாள். முடிச்சு கல்லு மாதிரி இருந்தது. ஆனால் நுனியிலிருந்து ஒரு முழத்துக்கு லீடர் சொரசொரவென்று தேய்ந்து, ஓரிடத்தில் பாதிப் பருமன்கூட இல்லை. மீனின் முதல் ஓட்டத்திலேயே கடலடிப் பாறை அதைக் கடித்திருக்கிறது. இன்னும் ஒரு உதறல், அவ்வளவுதான். சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. நீட்டினால் நாளைக்குக் கவுன்டர்தான்.

நீட்டினாள்.

"நீங்க சொன்னதுதான் தம்பி. நாற்பது தாங்கல. ஏதோ அதிர்ஷ்டத்துல நின்னுச்சு."

கொழுந்தன் அந்த ஒரு முழத்தை விரல்களுக்கு நடுவே வைத்து மேலும் கீழும் ரொம்ப நேரம் இழுத்துப் பார்த்தார்.

"எண்பதைக் காலையிலருந்து போட்டோம், ஒண்ணும் கடிக்கலயே" என்றார். பிறகு, "இவ்ளோ நூல்லயா அது நின்னுச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கரை நெருங்கி சிக்னல் வந்ததும் போனை எடுத்தார்.

"தம்பி, நாளைக்கு வர வேணாம்ப்பா. ஆளு கிடைச்சாச்சு." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "இல்லப்பா, புது ஆளு இல்ல" என்றார். "எங்க அண்ணி."