சுற்றிப் போகச் சொன்னவர்

மனதில் வஞ்சம் வைத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு இறங்காது, தூக்கம் பிடிக்காது என்பார்கள். கொக்குக்கு இரண்டும் நன்றாகவே நடந்தன. பதினேழு வயதுக்கு உட்பட்டோருக்கான தேசியப் பெண்கள் கால்பந்து அணியில் இடது ஓரத்தில் ஆடுபவள் அவள். கால்கள் கழுத்திலிருந்தே தொடங்குகின்றனவோ என்று சந்தேகப்பட வைக்கும் உயரம். அதனால் அந்தப் பெயர். ஒரு வருடமாக ஒரு மனிதரை மனதுக்குள் வறுத்து எடுத்துக்கொண்டே மூன்று வேளையும் தட்டு நிறையச் சாப்பிட்டாள், படுத்ததும் குறட்டை விட்டாள். பழிவாங்கவும் உடம்பில் தெம்பு வேண்டும் அல்லவா?

அந்த மனிதர் விசில் சார். போன வருடம் வரை இதே அணிக்குப் பயிற்சியாளர். பேசுவதைவிட ஊதுவதே அதிகம். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றாலும் ஊதுவார் என்று பெண்கள் சொல்லிக்கொள்வார்கள். ஆட்டத்தில் ஒருத்தி தப்புச் செய்தால் அவரிடம் இருந்த மருந்து ஒன்றே ஒன்று: அடுத்த நிமிடமே அவளை வெளியே எடுத்துவிடுவார். எடுத்தால் போதாது. எதிர்ப்பக்கக் கோட்டைத் தாண்டி வெளியேறி, கோல் கம்பத்துக்குப் பின்னால், கூட்டத்தின் மூக்குக்கு முன்னால், மைதானத்தைச் சுற்றி நடந்து அவள் பெஞ்சுக்கு வர வேண்டும்.

"சுத்தி வா. எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."

போன வருடம், இந்த வருடப் போட்டியும் நடக்கிற இதே மைதானத்தில், காவலுக்கு ஆளே இல்லாத கோலுக்கு முன்னால் நின்று, கொக்கு பந்தை வானத்துக்கு அனுப்பினாள். அது தப்புதான், பந்து இன்னும் கீழே இறங்கவில்லை என்று அவளே இப்போதும் சொல்வாள். ஆனால் அவள் சுற்றி நடந்தபோது டிவி கேமரா கூடவே நடந்தது. கோலுக்குப் பின்னால் கிடந்த கேமராவின் தடித்த கேபிளில் கால் மாட்டி, அத்தனை உயரமும் ஒரே மூச்சில் தரைக்கு வந்தது. மைதானமே சிரித்தது. விசில் சாரும் சிரித்தார்.

அதைக்கூட மன்னித்திருப்பாள். அம்மா வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். மகள் ஆடுகிறாள் என்று கடைக்கு வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்து டிவியைப் போட்டிருந்தாள். கையில் பொடி ஸ்குரூடிரைவர், மடியில் யாருடைய ஃபிரேமோ. மகள் விழுந்ததை உட்கார்ந்தபடியே பார்த்தாள். "அது உங்க பொண்ணுதானே?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா" என்றாள். ஃபிரேமின் திருகாணி கீழே விழுந்து எங்கோ உருண்டது. வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னது ஒரே வரி: "சத்தத்தக் குறைச்சு வெச்சுட்டேன்டி."

அந்த ஒரு வரிதான் கொக்கின் நெஞ்சில் தைத்துக்கொண்டது.

விசில் சார் பிறகு எல்லை தாண்டி அண்டை நாட்டு இளையோர் அணிக்குப் போய்விட்டார். இந்த வருடப் போட்டியில் இரண்டு நாடுகளும் ஒரே பிரிவில் விழுந்தன. கடைசி ஆட்டம் அவருடைய அணியோடு. ஜெயித்தால்தான் கொக்கின் அணி இறுதிப் போட்டிக்குப் போகும். அவர்களுக்குச் சமநிலையே போதும்.

ஆட்டத்துக்கு முந்தைய மாலை, ஹோட்டல் அறையின் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் கொக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த பிறகு அவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்துக்கான ஒத்திகை.

"'என்னை ஞாபகம் இருக்கா சார்?'னு ஆரம்பிக்கட்டுமாடி?"

வெளியே கட்டிலில் காலை நீட்டிக் கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தவள் கோல்கீப்பர். பெயர் தாழ்ப்பாள். "இன்சூரன்ஸ் விக்க வந்தவ மாதிரி இருக்கு" என்றாள்.

"'உங்க ஆட்டம் முடிஞ்சுது சார்'?"

"அவருக்கே தெரியும். கடியாரம் கட்டியிருக்காரு."

கொக்கு கதவைத் திறந்துகொண்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "வாக்கியத்த விடு. விஷயத்தக் கேளு. அவரு இப்பவும் அதே மாதிரிதான் பண்றாரு. முந்தின ரெண்டு ஆட்டமும் பாத்தேன். தப்புப் பண்ணா உடனே தூக்கறாரு."

"அதுக்கு?"

"ஆள் மாத்த ஆட்டத்த எத்தன தடவ நிறுத்தலாம்?"

"மூணு. இடைவேளையில மாத்துனா கணக்கில்ல."

"இடைவேளையில அவரு மாத்தவே மாட்டாரு. அப்ப மாத்துனா அந்தப் பொண்ணு நடக்கிறத யாரு பாக்கறது? அதனால நான் மூணு பேரத் தப்புப் பண்ண வெக்கறேன். மூணும் காலியாகட்டும். கடைசியில அவரு பொண்ணுங்க மூச்சு வாங்கி நிக்கும்போது மாத்த வழியில்லாமத் தவிக்கணும். அப்பப் போட்டுத் தள்ளுவோம்."

தாழ்ப்பாள் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "திட்டம் நல்லாத்தான் இருக்கு. அந்த மூணு பொண்ணுங்க உனக்கு என்னடி பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். கொக்குக்கு அன்றைக்கு மட்டும் குறட்டை கொஞ்சம் தாமதமாக வந்தது.

மறுநாள் ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே முதல் ஆள் சிக்கினாள். எதிரணியின் வலது ஓரத் தடுப்பாட்டக்காரி காலை அகட்டி நின்றாள். கொக்கு பந்தை அந்த இடைவெளியில் விட்டு, அவளைச் சுற்றி ஓடி, நடுவே தட்டிவிட, அவளுடைய அணிப் பெண் ஒருத்தி கோலுக்குள் தள்ளினாள். ஒன்று–பூஜ்யம். கொக்கு கோலைக் கொண்டாடவில்லை. எதிர்ப்பக்கப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டுப் பந்தியில் அடுத்து என்ன வரும் என்று பார்க்கும் பார்வை அது. வந்தது. நம்பர் போர்டு உயர்ந்தது. விசில் சாரின் விரல் காற்றில் ஒரு வட்டம் போட்டது. அந்தப் பெண் சுற்றி நடந்தாள்.

அவளுக்குப் பதில் உள்ளே வந்தவள் குள்ளமாக, கறுகறுவென்று, ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றிப் பறந்தாள். கொக்கு மனதுக்குள் அவளுக்கு வண்டு என்று பெயர் வைத்தாள்.

இரண்டாவது ஆள் நடுக்களத்துப் பெண். அவள் பின்பக்கம் தட்டிய பந்தைக் கொக்கு எட்டிப் பறித்து அடிக்க, பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல்கூட ஆகவில்லை, ஆனாலும் போர்டு உயர்ந்தது. இவள் அழுதுகொண்டே சுற்றினாள். கொக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். கயிறு ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு மூன்றாமவள். நடுத் தடுப்பாட்டக்காரி. கொக்கு தோளால் இடிப்பது போலப் பாவனை காட்டினாள். அவள் தடுமாறிப் பந்தைக் கோட்டுக்கு வெளியே விட்டாள். அவ்வளவுதான் குற்றம். அவளும் நடந்தாள். கோலுக்குப் பின்னால் அதே கேபிளில் அவள் கால் மாட்டித் தள்ளாடினாள். விழவில்லை. ஆனாலும் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அது கொக்குக்குத் தெரிந்த சிரிப்பு. 'மூணு ஆச்சு, இனி போதும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மூன்று ஆனது என்னவோ உண்மை. போதும் என்பதைத்தான் யாரும் கேட்பதாக இல்லை.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியதால், கொக்கும் வண்டும் இப்போது பெஞ்சுகளை ஒட்டிய ஓரத்தில் மோதிக்கொண்டிருந்தார்கள். கொக்கு ஒரு திருப்புத் திருப்ப, வண்டு சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். பந்து வெளியே போயிற்று. உட்கார்ந்த வாக்கிலேயே வண்டு பெஞ்சைப் பார்த்தாள். மூவரைப் பார்த்தவளுக்கு நாலாவது யார் என்று தெரியாதா? விசில் சார் போர்டு வைத்திருந்த நாலாவது நடுவரிடம் ஓடினார். அந்த நடுவர் முடியாது என்று தலையை ஆட்டி, மூன்று விரலைக் காட்டினார்.

"என்னவாம்?" என்று வண்டு கேட்டாள். இரண்டு நாட்டுக்கும் மொழி ஒன்றுதான், அவர்கள் பேச்சில் இழுவை மட்டும்தான் வேறு.

இங்கேதான் கொக்கு வாயைக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் சொந்தத் திட்டம் பலித்த பெருமை யாரைச் சும்மா இருக்க விட்டது?

"இனிமே உன்ன எடுக்க முடியாது. மூணு தடவையும் முடிஞ்சுபோச்சு. எல்லாம் என் வேலை."

"எடுக்கவே முடியாதா?"

"தலைகீழா நின்னாலும் முடியாது."

வண்டு எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டாள். முகத்தில் ஒரு சிரிப்பு, பள்ளிக்கூடம் லீவு என்று கேள்விப்பட்ட சிரிப்பு, மெதுவாகப் பரவியது. "ஏய்!" என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினாள். "இனி யாரையும் எடுக்க முடியாதாம்! நெட்டை சொல்றா!"

அந்தச் செய்தி அவர்களுக்குள் ஓடிய வேகத்தில் பந்துகூட ஓடியதில்லை. அதுவரை பந்து காலுக்கு வந்தால் கொதிக்கிற பாத்திரம் போலப் பதறிக் கைமாற்றியவர்கள், இப்போது அதை வைத்துக்கொண்டு யோசித்தார்கள். திரும்பினார்கள். ஒருத்தி குதிகாலால் தட்டினாள், தப்பாகப் போனது, சிரித்தாள். மூச்சு வாங்கி நிற்பார்கள் என்று கொக்கு கணக்குப் போட்ட பெண்கள், மூச்சு விடவே இப்போதுதான் கற்றுக்கொண்டவர்கள் போல ஓடினார்கள். தாழ்ப்பாள் அடுத்தடுத்துப் பாய்ந்து பந்தைத் தடுத்துவிட்டு, எழும்போதெல்லாம் கொக்கைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அச்சில் ஏற்ற முடியாது.

விசில் சார் கோட்டோரம் வந்து கத்தினார். "பின்னாடி போ! பின்னாடி போடி!" வண்டு முன்னால் போனாள். ஊதுவதற்கு விசில் இல்லை. ஆட்டத்தில் அது நடுவர் வாயில் அல்லவா இருக்கும்? பதினோரு பேரில் ஒருத்திகூடத் திரும்பவில்லை. அவர் நாலாவது நடுவரின் கையிலிருந்த போர்டைப் பிடுங்கினார். வண்டின் எண்ணை அதில் போடப் பார்த்தார். பொத்தான் எது என்று தெரியவில்லை. போர்டைத் தரையில் ஓங்கி அடித்தார்.

பந்து வெளியே போனதும் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்தாள். கட்டை குட்டையான, சிரிக்காத பெண். சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே உயர்த்தினாள்.

வெளியேறும் வழி எதிர்ப்பக்க மூலையில் இருந்தது. அவர் குறுக்கே நடந்து போய்விடலாம் என்று புல்லில் கால் வைத்தார்.

"உள்ள கால வெக்காதீங்க சார்" என்றாள் நடுவர். "சுத்திப் போங்க."

மூலைக்குப் பக்கத்தில் பந்தைக் கையால் எறிவதற்காகக் கொக்கு நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். கூட்டம் ஊளையிட்டது. டிவி கேமரா கூடவே வந்தது. ஒரு வருடம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் அத்தனையும் வாய்க்கு வந்து, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வாசலில் நின்றன. அவர் நிமிர்ந்த தலையோடு நடந்து வந்தார். தோற்றவர் போலவே இல்லை. பக்கத்தில் வந்ததும் கொக்கு சொன்னாள்:

"கீழ பாத்துப் போங்க சார். அங்க கேபிள் கிடக்கு."

அவர் அவளைப் பார்த்தார். ஞாபகம் இருந்தது. இருந்தது என்பது அவர் காது மடலில் ஏறிய சிவப்பில் தெரிந்தது. கேபிளுக்கு வந்ததும் வேறு வழியில்லை. குனிந்து பார்த்துத்தான் தாண்ட வேண்டும். குனிந்தார். அத்தனை பேர் முன்னாலும் அந்தத் தலை தாழ்ந்தது.

கொக்கு பந்தை யாருக்கோ எறிந்தாள். யாருக்கு என்று அவளுக்கே தெரியாது. இரண்டாவது கேபிளும் இருந்தது. அதற்கும் குனிந்தார். அதையும் பார்த்தாள். மூலை திரும்பி அவர் மறைகிற வரை ஒரு துளி விடாமல் பார்த்து முடித்த பிறகுதான், தான் பிடித்து வைத்திருக்க வேண்டிய வண்டு பக்கத்தில் இல்லை என்பது உறைத்தது.

வண்டு மறுகோடியில் இருந்தாள். தாழ்ப்பாளுக்கு எதிரே, தனியாக, பந்தோடு.

ஒன்று–ஒன்று. சற்று நேரத்தில் கடைசி விசில்.

அண்டை நாட்டுப் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து புரண்டார்கள். வெளியே எடுக்கப்பட்ட மூவரும் பெஞ்சிலிருந்து ஓடி வந்து அந்தக் குவியலில் பாய்ந்தார்கள், நேராக, மைதானத்தின் குறுக்கே. கொக்கு இடுப்பில் கை வைத்து நின்றாள். மேடம், கொக்கு அணியின் இப்போதைய பயிற்சியாளர், பக்கத்தில் வந்தாள்.

"அந்தக் குள்ளப் பொண்ணு ஓடும்போது நீ ஆளப் பாக்கலையா?"

"ஆளத்தான் மேடம் பாத்துட்டு இருந்தேன்."

"எந்த ஆள?"

கொக்கின் கண் விசில் சார் மறைந்த மூலைக்குப் போனது. மேடமும் அந்த மூலையைப் பார்த்துவிட்டு, "நானும் ஒரு நிமிஷம் பாத்தேன்" என்று முனகியபடி நகர்ந்தாள்.

வண்டு வியர்வையோடு வந்து கையை நீட்டினாள். "ஏய் நெட்டை. சிவப்பு வாங்கினவரு ஃபைனலுக்கு வர முடியாதுல்ல?"

"முடியாது."

"பெஞ்சுப் பக்கமே?"

"ஸ்டேடியம் கேட்டத் தாண்டியே வர முடியாது."

வண்டு அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். தலை கொக்கின் விலா வரைக்கும்தான் வந்தது. கொக்குக்கு எரிச்சலாக இருந்தது. தட்டி விடவும் மனம் வரவில்லை.

உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாள் கையுறையைச் சுவரில் எறிந்தாள். "பழி வாங்கியாச்சா? வயிறு நிறைஞ்சுதா?"

"நிறைஞ்சுதுடி" என்றாள் கொக்கு, தலையைத் துண்டால் மூடிக்கொண்டு. "ஆனா உன் தட்டையும் சேத்துத் தின்னுட்டேன்."

தாழ்ப்பாள் அவள் மண்டையில் ஓர் அடி வைத்தாள். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. அம்மா. பின்னணியில் கடைச் சத்தம்.

"அம்மா, போச்சும்மா. என்னாலதான். நான் பராக்குப் பாத்துட்டு—"

"அத விடு. அந்த ஆளு நடந்தாரே, பாத்தியா?"

"பாத்தேன்."

"சத்தத்த முழுசாக் கூட்டி வெச்சேன்டி. தெருவே வந்து நின்னுடுச்சு." அம்மா மூச்சு விடாமல் தொடர்ந்தாள். "பாவம், ஒரு பெரியவரு. கண்ணாடிய ரிப்பேருக்குக் குடுத்துட்டு ஒண்ணும் தெரியாம உக்காந்திருந்தாரு. ரெடியா இருந்த இன்னொருத்தர் கண்ணாடிய எடுத்து மாட்டிவிட்டு, 'நல்லாப் பாருங்க ஐயா'ன்னு சொன்னேன்."

"பவர் சரியா இருந்துதா?"

"இல்ல. ஆளு ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னாரு." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "அப்ப ரெண்டையும் பாருங்கன்னுட்டேன்."